மே மாதக் கோப்பு

மாலை ஆறு இருபது. ஹந்தானை வீதி.

மெழுகுதிரியை இந்தப் பக்கம் தள்ளி வையுங்கள்... காற்று வருகிறது. கரண்ட் இப்போதைக்கு வராது. வெளிக்கதவை யாராவது பூட்டினீர்களா? சரி, கிட்ட வாருங்கள். கத்திச் சொல்லுகிற கதை இல்லை இது.

ஹந்தானை வீதி உங்களுக்குத் தெரியும்தானே. கண்டி ஆஸ்பத்திரிச் சந்தியிலிருந்து ஏறத் தொடங்கினால் கொஞ்ச தூரத்தில் வீடுகள் முடிந்துவிடும். பிறகு பைன் மரம், தேயிலை, பனி. ஆறு மணிக்கே முன்னால் போகிறவனின் முதுகு தெரியாது. அந்த வீதியில் ஒரு பழைய பங்களா. அதில் ஒரு தொண்டு நிறுவனம். இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு அங்கே வேலை செய்தவன் யோகேந்திரன், யாழ்ப்பாணம் சுன்னாகத்துப் பொடியன். மடவளையில் கம்பியூட்டர் திருத்துகிற என் சிநேகிதன் நஸீமின் கூட்டாளி. நஸீம் சொன்னதைத்தான் சொல்லுகிறேன், என் கையால் உப்பும் போடவில்லை, புளியும் போடவில்லை.

யோகேந்திரன் இந்த போர்டிங்கில்தான் இருந்தான். பொன்னுத்துரை, முகத்தைத் திருப்பாதே... ஓம், நீ படுக்கிற அதே மூலைக் கட்டில்தான். நேற்றுவரை குறட்டை விட்டுக்கொண்டுதானே கிடந்தாய்? இன்றைக்கு மட்டும் என்ன?

அந்த நிறுவனத்தின் வேலை இதுதான். கொழும்பிலும் மற்ற இடங்களிலும் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனவர்களின் பெயர்ப் பட்டியல் மாதக் கடைசியில் வரும். யார் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள், அதைச் சொன்னால் இன்றைக்கும் ஆபத்து. பெயர், ஊர், பிடித்த திகதி, வைத்திருக்கிற இடம்... கடைசிக் கட்டத்தில் ‘பார்க்க வந்தவர்’. இரத்த உறவு ஒருவர் பிறப்புப் பத்திரத்தோடு போய் நின்றால், விட்டுவிடுவார்கள். எல்லாரையும் இல்லை, ஆனால் விட்டார்கள். ஆறு மாதத்துக்குள் ஒருவரும் வராவிட்டால் வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். அந்த வேறு இடத்திலிருந்து பட்டியல் வருவதில்லை. விளங்குகிறதுதானே?

யோகேந்திரன் பட்டியலைக் கம்பியூட்டரில் அடித்து வைப்பான். தாய் தகப்பன் வந்து கேட்டால் பெயரைத் தேடிச் சொல்லுவான். அவனுக்கு முன் அந்தக் கதிரையில் இருந்த விமலநாதன் கனடாவுக்குப் போகும்போது, தேடுகிற விதத்தை ஒரு தாளில் எழுதி மொனிட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிட்டுப் போயிருந்தான். கறுப்புத் திரையில் ‘கிரெப்’ என்று அடி, ஓர் இடைவெளி, பெயர், ஓர் இடைவெளி, ஒரு நட்சத்திரக் குறி. அவ்வளவுதான். பெயர் இருந்தால் அந்த வரி அப்படியே திரையில் வரும். இல்லையென்றால் ஒன்றும் வராது... வெறும் திரை, அதில் மினுங்கிக்கொண்டு ஒரு சின்னக் கோடு.

விமலநாதன் காலத்தில் அது சரிதான். யோகேந்திரன் காலத்தில் மெஷினில் இடம் போதவில்லை. பொடியன் என்ன செய்தான்? மாதம் முடிய அந்த மாதக் கோப்பை ஸிப் பண்ணிச் சுருக்கி வைத்தான். இடம் மிச்சம். மேலதிகாரி சரோஜினிதேவி அம்மா தோளில் தட்டிப் பாராட்டினாராம். யோகேந்திரனுக்குத் தலைகால் புரியவில்லை.

ஐயோ, அந்த ஸிப்தான்.

மூட்டை கட்டித் தைத்த அரிசிக்குள் கல் இருக்கிறதா என்று மூட்டைக்கு வெளியே நின்று பார்த்தால் தெரியுமா? அந்தக் கிரெப்பும் அப்படித்தான். சுருக்கிய கோப்பைத் தொட்டுவிட்டு, பெயர் இல்லை என்பதுபோல் சும்மா திரும்பிவிடும். பிழை என்றும் சொல்லாது. மாதக் கடைசி நாலைந்து நாள், கோப்பு திறந்து கிடக்கும்போது வந்தவர்களுக்குப் பெயர் கிடைத்தது. ஆட்கள் அழுது கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அதனால் யோகேந்திரனுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. மற்ற நாளில் வந்தவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்.

“இல்லையம்மா. பேர் இல்லை.”

இனி பாலம்மா. கெலிஓயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். புருசன் இல்லை. ஒரே மகன் மயில்வாகனம், கொழும்பில் ஹாட்வெயார் கடையில் நின்ற பொடியன். முந்தின வருசம் டிசம்பர் பதினாலாம் திகதி லொட்ஜில் படுத்திருந்தவனை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஜனவரியிலிருந்து பாலம்மா வரத் தொடங்கினாள். தோட்டத்தில் சம்பளம் பத்தாம் திகதி. கையில் பஸ் காசு வந்தால்தான் வரமுடியும். ஆகவே சம்பளத்துக்கு அடுத்த வியாழன், காலை பத்து மணிக்கு வாசலில் நிற்பாள். மாதத்தின் நடுவில்... கோப்பெல்லாம் கட்டி மூடிக் கிடக்கிற நேரத்தில். பாவி மனுசி.

கையில் ஒரு கறுப்புக் குடை, கம்பி ஒன்று உடைந்தது. வராந்தாவில் வருகிறவர்கள் இருக்க ஒரு நீளமான வாங்கு போட்டிருந்தார்கள். அதன் கடைசி மூலையில் ஒடுங்கி உட்காருவாள். வெற்றிலையும் பச்சைத் தேயிலைக் கொழுந்தும் மணக்கும். 

“தம்பி, பேரு இருக்குங்களா?”

“இல்லையம்மா. பேர் இல்லை. அடுத்த மாதம் வந்து பாருங்கோ.”

“சரிங்க தம்பி. அடுத்த மாசம் வாரேன்.”

ஒரு கோபம் இல்லை, ஒரு அழுகை இல்லை. ஐந்து மாதம், ஐந்து தடவை இதே கேள்வி, இதே பதில்.

ஜூன் பத்தாம் திகதி, செவ்வாய்க்கிழமை, மெஷின் பழுது என்று நஸீமைக் கூப்பிட்டார்கள். வந்தவன் வேலையை முடித்துவிட்டு, சுவரில் இருந்த தாளைப் பார்த்துச் சிரித்தான்.

“இதாலயா இவ்வளவு காலமும் தேடின? யோகா, இது ஸிப்புக்குள்ள பாக்காது. அதுக்கு வேற ஒண்டு ஈக்கி. ஸெட் கிரெப். முன்னுக்கு ஒரு எழுத்துத்தான் கூட.”

நஸீமுக்கு அது ஒரு சின்ன விசயம். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். யோகேந்திரன் அந்தக் கதிரையில் அசையாமல் இருந்தான். பிறகு மெல்ல... அந்த ஒரு எழுத்தைக் கூட்டி, மயில்வாகனம் என்று அடித்தான்.

ஆறு வரிகள் வந்தன. டிசம்பர், ஜனவரி, பெப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே. ஒவ்வொரு மாதமும் பொடியன் அங்கே இருந்திருக்கிறான். ஆறு வரியிலும் கடைசிக் கட்டத்தில் ஒரே வாசகம்.

பார்க்க வந்தவர்: ஒருவரும் வரவில்லை.

யோகேந்திரன் மேசையில் தலையை வைத்து அழுதான். மே மாத வரியில் இன்னும் ஒன்று இருந்தது. மாற்றப்படும் திகதி, ஜூன் பதினாலு. சனிக்கிழமை. இன்னும் நாலு நாள். வியாழக்கிழமை பாலம்மா வந்தே தீருவாள், வெள்ளிக்கிழமை அவளைக் கொழும்புக்கு அனுப்பலாம் என்று கணக்குப் போட்டான். முருகா, அவளை மட்டும் கொண்டுவந்து சேர்த்துவிடு என்று இந்த மூலைக் கட்டிலில் இரண்டு இரவும் விழித்துக் கிடந்தான்.

வியாழன் வந்தது. பத்து மணி... பன்னிரண்டு... மூன்று. வாங்கு வெறுமையாகவே கிடந்தது. ஆறு மணிக்கு மற்றவர்கள் போய்விட்டார்கள். பனி வராந்தாவுக்குள் வந்துவிட்டது. ஆறு இருபதுக்கு அவன் மெஷினை நிறுத்தப் போகிற நேரம்...

டொக்... டொக்... டொக்...

சீமெந்தில் தண்ணீர் சொட்டுகிற சத்தம். அன்றைக்கு மழை இல்லை. வெறும் பனிதான்.

எட்டிப் பார்த்தான். வாங்கின் கடைசி மூலையில் பாலம்மா. மடியில் குடை. உடைந்த கம்பியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெற்றிலை மணம் இல்லை. பச்சைக் கொழுந்தும், ஈர மண்ணும்... புதிதாகக் கிண்டிய மண் மணந்தது.

பொடியன் அதையெல்லாம் எங்கே கவனித்தான்? துள்ளிக்கொண்டு ஓடினான்.

“அம்மா! பேர் இருக்கு! மகன் இருக்கிறான்! நாளைக்கே போகவேணும்!”

அவள் அவனைப் பார்க்கவில்லை. யன்னலுக்கு உள்ளே அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“தம்பி, பேரு இருக்குங்களா?”

“ஓம் அம்மா! இருக்கு எண்டுதானே சொல்லுறன்! ஆறு மாதமும் இருந்திருக்கு!”

டொக்... டொக்... பிறகு அவள் தலையாட்டினாள். இல்லை என்று கேட்ட ஒவ்வொரு தடவையும் எப்படி ஆட்டுவாளோ, அப்படி.

“சரிங்க தம்பி. அடுத்த மாசம் வாரேன்.”

பெயரை எழுதி வைத்திருந்த தாளை எடுக்க அவன் உள்ளே ஓடினான். ஐந்து அடி வைத்தால் மேசை. தாளோடு திரும்பினால் வாங்கில் ஆளில்லை. வீதியில் கால் சத்தமும் இல்லை. வாங்கின் அடியில் ஒரு தட்டளவுக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது.

வெள்ளிக்கிழமை விடியக் கெலிஓயா பஸ் ஏறினான். தோட்டத்தில் பெயர் சொல்லி விசாரித்து லயத்து வரிசை வீட்டுக்குப் போனான். கதவு பூட்டிக் கிடந்தது. பக்கத்துக் காம்பராவிலிருந்து இரஞ்சிதம் என்ற பெண் வந்தாள்.

“பாலம்மா அக்காவா? அது செத்துப் போச்சுங்களே. மே மாசம் இருவத்தெட்டாம் தேதி. நெஞ்சு வலின்னு சொல்லுச்சு, அம்புட்டுத்தான். நேத்துத்தானுங்க கருமாதி.”

யோகேந்திரன் வாசற்படியில் குந்திவிட்டான். மயில்வாகனத்துக்கு வேறு உறவு யாரும் உண்டா என்று கேட்டான்.

“யாரு இருக்கா? சித்தப்பா ஒருத்தரு இருந்தாரு, அவரும் அந்தக் காலத்துல இந்தியாவுக்குப் போயிட்டாரு. சாகுற அன்னிக்கும் அது ஒங்க ஆபீசு கதைதாங்க பேசிக்கிட்டு இருந்துச்சு. அந்தத் தம்பி நல்ல தம்பி, பேரு வந்தா சொல்லிப்புடும்னு சொல்லுச்சு.”

நல்ல தம்பி! அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு அவன் எப்படி மலையிறங்கினானோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

சனிக்கிழமை வந்தது, போனது. இவனே கொழும்புக்குப் போய் அந்த வாசலில் நின்றிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். யாழ்ப்பாண அடையாள அட்டையோடு அந்த வாசலில் போய் நிற்க யாருக்குத் துணிவு வரும்? உறவும் இல்லை. பயந்தான். அதை நான் குற்றம் சொல்லமாட்டேன், நானென்றாலும் பயந்திருப்பேன். நான் குற்றம் சொல்லுவது பிறகு நடந்ததைத்தான்.

வருகிறவர்களின் பெயரும் விலாசமும் எழுதுகிற கொப்பி ஒன்று மேசையில் இருந்தது. அதை எடுத்து எண்ணினான். ‘பேர் இல்லை’ என்று சொல்லி அனுப்பியவர்கள் நூற்று எழுபத்தாறு பேர். ஒவ்வொரு பெயராகத் தேடிப் பார்த்துக் கடிதம் போடவேண்டும். தேடுவதற்கு ஒரு எழுத்துத்தான் கூட, அவ்வளவுதான் வேலை. ஆனால் கடிதம் போட்டால் சரோஜினிதேவி அம்மா கேட்பார். ஏன் முதலில் சொல்லவில்லை என்று அந்தத் தாய்மார் கேட்பார்கள். வெட்கம்! கொப்பியை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினான். சுவரில் இருந்த தாளைக்கூட மாற்றவில்லை. மாற்றினால் ஏன் என்று யாராவது கேட்பார்களாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தான், படித்த மடையன்.

அடுத்த வியாழன், ஆறு இருபது.

டொக்... டொக்...

அவன் வெளியே போகவில்லை. சத்தம் நின்ற பிறகு போய்ப் பார்த்தான். வாங்கின் அடியில் இரண்டு இடத்தில் தண்ணீர். அதற்கடுத்த வியாழன் ஐந்து. ஜூலை நடுவில் வாங்கின் முழு நீளத்துக்கும் தேங்கி, வராந்தாப் படிவரைக்கும் போயிருந்தது. வாங்கு மட்டும் கிறீச் கிறீச் என்று முனகும்... ஆட்கள் நெருக்கி உட்கார இடம் விடுகிற மாதிரி.

ஒரு வியாழன் அவனுக்கு என்ன தோன்றியதோ, மறுபடியும் ஸெட் கிரெப் அடித்து மயில்வாகனத்தைத் தேடினான். முதலில் ஆறு வரிதானே வந்தது? இப்போது அதற்குக் கீழே இன்னும் வந்தன, எல்லாம் மே மாதக் கோப்பிலிருந்து. பார்க்க வந்தவர்: தாய். பதில்: பேர் இல்லை. சொன்னவர்: யோகேந்திரன். அப்படி ஒவ்வொரு மாதத்துக்கும் ஒன்று. கடைசி வரியின் திகதி ஜூன் பன்னிரண்டு, அவன் ‘இருக்கு’ என்று கத்திச் சொன்ன அதே நாள்.

பதில் என்றொரு கட்டம் அந்தப் பட்டியலில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. மே மாதக் கோப்பைச் சுருக்கிக் கட்டியது மே முப்பத்தொன்று. திகதி மாறவில்லை, பருமன் மாறவில்லை. கட்டி மூடியதற்குள் ஒருவரும் கை வைக்கவில்லை.

‘சொன்னவர்’ என்ற சொல்லைத் தேடினான். திரை ஓடியது... ஓடியது... நின்றபோது எண்ணிப் பார்த்தான். ஒருவருக்கு எத்தனை வரி வந்தாலும் ஒரு ஆளாக எண்ணினால், கொப்பியில் இருந்த அதே நூற்று எழுபத்தாறு பேர்.

அன்றிரவே மடவளைக்குப் போய் நஸீமிடம் எல்லாவற்றையும் கொட்டினான். நஸீம் பேய் பிசாசை நம்புகிறவன் இல்லை. ஆனாலும் அவன் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டான்.

“யா அல்லாஹ்! யோகா, வந்தது என்னவோ அது எனக்குத் தெரியா. நீ நாளைக்கே அந்தத் தாளக் கிழிச்சிப் போட்டு எல்லாருக்கும் காயிதம் போடு. இன்னும் ஆறு மாசம் முடியாத ஆக்களும் ஈக்கிறாங்கதானே?”

“ஓம் நஸீம். போடுறன். நாளைக்குப் போடுறன்.”

நாளைக்கு என்றான், பிறகு அடுத்த கிழமை என்றான், பிறகு சம்பளம் எடுத்துக்கொண்டு என்றான். தாள் சுவரிலேயே இருந்தது.

ஓகஸ்ட் பதினாலு. வியாழன்.

அந்த வளைவில் வெற்றிலைக் கடை வைத்திருக்கிறாரே வீரசிங்கம், அவர் கண்ணால் கண்டது. ஆறரை இருக்கும். பனிக்குள் யோகேந்திரன் இறங்கி வந்தானாம். பக்கத்தில் ஒரு மனுசி, அவன் தலைக்குமேல் குடை பிடித்துக்கொண்டு. மழையில்லாமல் ஏன் குடை என்று வீரசிங்கம் நினைத்தாராம். தம்பி என்று கூப்பிட்டாராம். அவன் திரும்பவில்லை. கீழே ஒரு வாகனத்தின் கதவு இழுத்துச் சாத்துகிற சத்தம் கேட்டது என்றும் சொன்னார். அதோடு சரி. யோகேந்திரன் போர்டிங்குக்கு வரவில்லை. இந்தக் கட்டிலில் மடித்து வைத்த சாரம் மடித்தபடியே இரண்டு மாதம் கிடந்தது.

வாகனமா, வேறென்னவா என்று என்னிடம் கேட்காதீர்கள். அந்த வருசம் எத்தனை பேர் அப்படிப் போனார்கள்?

சுன்னாகத்தில் தாய் இரத்தினம்மா தனியே. யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற ஏ-நைன் பாதை மூடிக் கிடந்த காலம். பிரயாண அனுமதிப் பாஸ் எடுத்து, காங்கேசன்துறையில் கப்பலேறி, திருகோணமலையில் இறங்கி, பஸ்ஸில் கண்டிக்கு வந்து சேரச் செப்டெம்பர் பதினெட்டாகிவிட்டது. அன்றைக்கும் வியாழன்தான். மகனுடைய பிறப்புப் பத்திரம் பையில். எல்லாரும் சொல்லி அனுப்பியது ஒன்றுதான்: மகன் வேலை செய்த இடத்திலேயே பெயர் பார்க்கிறார்கள், அங்கே போய்க் கேள்.

அந்தக் கதிரையில் இப்போது புதுப் பிள்ளை ஒருத்தி, லீலாதேவி. வேலைக்கு வந்து மூன்று கிழமை. நல்ல பிள்ளை. மனுசியைக் கூட்டிவந்து வாங்கில் இருத்தி, தண்ணீர் கொடுத்து, உள்ளே போய்ச் சுவரில் இருந்த தாளைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். கிரெப். இடைவெளி. பெயர். இடைவெளி. நட்சத்திரம்.

வெறும் திரை. மினுங்கிக்கொண்டு ஒரு சின்னக் கோடு.

“இல்லையம்மா,” என்றாள். “பேர் இல்லை.”

“வடிவாப் பார்த்தனீரோ பிள்ளை?”

“ரெண்டு தரம் பாத்தேங்க அம்மா.”

இரத்தினம்மா கண்டியில் எட்டு நாள் நின்றாள். பாஸ் முடியப்போகிறது என்று திரும்பிக் கப்பலேறிவிட்டாள்.

நஸீமுக்கு இது தெரியவந்தது ஒக்டோபர் ஒன்பதாம் திகதி. அடித்துப் பிடித்துக்கொண்டு ஹந்தானைக்கு ஓடினான். லீலாதேவியை எழுப்பிவிட்டுத் தானே கதிரையில் இருந்தான். முதலில் அந்தத் தாளைப் பிய்த்தான். வெயில் அடித்த பகல்... தாள் கையோடு ஒட்டிக்கொண்டு வந்ததாம், பச்சைத் தண்ணீராய் நனைந்து.

அந்த ஒரு எழுத்தைக் கூட்டி அடித்தான். யோகேந்திரன், சுன்னாகம்.

ஒரு வரி வந்தது. மே மாதக் கோப்பிலிருந்து. அவன் உயிரோடு இந்தக் கட்டிலில் படுத்து எழும்பிக்கொண்டிருந்தபோது, அவனே தன் கையால் அடித்து, சுருக்கி, கட்டி மூடிய கோப்பு. பிடித்த திகதி, ஓகஸ்ட் பதினாலு. வைத்திருக்கிற இடம் வெறுமை. மாற்றப்படும் திகதி, ஒக்டோபர் எட்டு.

அதாவது நேற்று. ஆறு மாதத் தவணைகூட இவனுக்கு இல்லை.

கடைசிக் கட்டம்... பார்க்க வந்தவர்: ஒருவரும் வரவில்லை.